தலை பிடித்தவள்

2061 மார்ச் 9, தூத்துக்குடி: உடலமைப்பு மரபணுக்கள் திருத்தப்பட்ட கொடுவா மீன் கடைகளுக்கு வந்தது. தலை கட்டைவிரல் அளவு. மற்றதெல்லாம் நடு உடல்.

செய்தி கேட்டு ரொசிட்டா தனியே சிரித்தாள். கல்யாணமான புதிதில், நடுத்துண்டு எல்லோருக்கும் போதாதபோது, "எனக்குத் தலைதான் இஷ்டம்" என்று பொய் சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து தட்டில் தலைதான் விழுந்தது. இனி அவளுக்கும் நடுத்துண்டுதான்.

மாலையில் கணவன் அமலதாஸ் இரண்டு பைகளோடு வந்தான்.

"எங்களுக்குப் புதுக் கொடுவா. ஒனக்கு அலைஞ்சு திரிஞ்சு இதை வாங்குனேன், பாருட்டி. ரெண்டு பக்கமும் தலை வளர வச்சிருக்கானுவ!"

"மருமவளுக்கு இன்னைக்கு வேட்டைதான்!" என்றார் மாமனார்.

ரொசிட்டா குழம்பு வைத்தாள். ஒரு தலையைச் சாப்பிட்டாள். பிறகு இன்னொன்றையும் சாப்பிட்டாள்.