கிட்டவும் எட்டவும்

“இந்த ரெண்டையும் நீங்களே எடுத்துக்குங்கண்ணே. பதிலுக்கு ஒரே ஒரு லென்ஸ் குடுங்க. கிட்டவும் எடுக்கணும், எட்டவும் எடுக்கணும்.”

காளியண்ணன் தன் இரண்டு லென்ஸ்களையும் கண்ணாடி மேசைமேல் வைத்தான். தேயிலை ஃபேக்டரியில் அவனுக்கு வேலை. தோட்டத் தொழிலாளர் லயத்தில் கல்யாணம், காதுகுத்து என்றால் படம் பிடிப்பதும் அவன்தான். ரிங்லெட் மலையூரில் போட்டோக் கடை வைத்திருந்த சாம்பசிவத்துக்கு அவனைப் பத்து வருடமாகத் தெரியும். அந்த லென்ஸ்களை அடுத்தவர் தொடக்கூட விடமாட்டான் என்பதும் தெரியும்.

“என்னப்பா திடீர்னு?”

“கப்பல் பயணம்ணே. இருபதாந் தேதி, கிள்ளான் துறைமுகத்துலருந்து.”

“ஊருக்கா? சொல்லவே இல்லையே லா!”

சாம்பசிவத்துக்குக் கொஞ்சம் வயிறெரிந்தது. ஊர் ஊர் என்று வாய் ஓயாமல் பேசுவாரே தவிர, ஐம்பது வயதுவரை அவர் பக்கத்து நகரமான ஈப்போவைத் தாண்டியதில்லை. காளியண்ணனின் மனைவி நவமணி கதவோரம் மழையைப் பார்த்து நின்றாள். மூன்று வருடத்துக்கு முன் நாமக்கல் பக்கத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்த பெண். தாய்வீடு போகப்போகிறவள் முகத்தில் ஒரு துளி சந்தோஷமில்லை. வீட்டில் ஏதோ சண்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று சாம்பசிவம் முடிவு கட்டினார்.

ஆறு மாதக் குழந்தை, அப்பனின் மார்பில் சாரோங் துணிக்குள் தூங்கிக்கொண்டிருந்தது.

“அம்மாக்காரி சும்மா நிக்கறா, நீ ஏன்பா கட்டிக்கிட்டு அலையற?”

“பழகிக்கறேண்ணே.”

“மாமியார் வூட்டுல நல்ல பேரு வாங்கவா? நடத்து நடத்து!” அவர்தான் சிரித்தார். மற்ற இருவரும் சிரிக்கவில்லை.

சாம்பசிவம் அலமாரியைத் திறந்து ஒரு சூம் லென்ஸை எடுத்தார். “முப்பத்தஞ்சு மில்லிமீட்டர்ல ஆரம்பிச்சு நூத்தஞ்சு வரைக்கும் போகும். பயணத்துக்கு இதான் சரி. பையில ரெண்டு மூணு லென்ஸைப் போட்டுத் தூக்கிட்டுத் திரிய வேணாம். முன்னால தள்ளு, பின்னால இழு, அவ்வளவுதான். ஆனா ஒண்ணு, உன் பழைய லென்ஸ் அளவுக்கு வெளிச்சம் வாங்காது. கப்பலுக்குள்ள, அறையில எல்லாம் எடுத்தா இருட்டடிக்கும்.”

“உள்ள எடுக்க வேணாம்ணே. வெளியிலதான்.”

“தூரமும் உன் நூத்தி முப்பத்தஞ்சு லென்ஸ் மாதிரி இழுக்காது. அதையும் கூடக் கொண்டு போயேன். மாத்தி மாத்திப் போட்டுக்கலாம்.”

“மாத்த நேரம் இருக்காதுண்ணே. ஒரு கையில புள்ள வேற. ஒரே ஒரு தடவைதான். கோட்டை விட்டா மறுபடி எடுக்க முடியாது. முகம் தெரியணும். அப்புறம் கப்பல் முழுசா வரணும்.”

“கப்பல்ல ஏறிட்டு கப்பலை எப்படிப்பா முழுசா எடுப்ப?” சாம்பசிவம் மேசையைத் தட்டிச் சிரித்தார். “படிக்கட்டுல ஏறதுக்கு முன்னாலயே எடுத்துரு.”

காளியண்ணன் லென்ஸைக் கேமராவில் மாட்டினான். “நவமணி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நில்லு.”

தூறலில் அவள் சாலையைக் கடந்தாள். ஒரு காய்கறி லோரி அவளை மறைத்துக் கடந்து போனது. அவன் கேமராவைக் கண்ணில் வைத்து, குழந்தையைத் தாங்கிய கையின் விரல்களாலேயே லென்ஸை மெல்லத் தள்ளினான்.

“இன்னும் போ,” என்று கத்தினான். அவள் பின்னால் நகர்ந்தாள். “இன்னும் கொஞ்சம் போ!”

டீக்கடைத் தகரத்தடியில் சுவரில் முதுகு இடித்து அவள் நின்றாள். அவன் கேமராவை இறக்கவே இல்லை. மூன்று நிமிடமாவது இருக்கும். கடைக்கு வருகிறவர்கள் கிட்டத்தில் இருப்பதைப் பார்ப்பார்கள், தூரத்தில் இருப்பதைப் பார்ப்பார்கள், சட்டென்று முடிவு சொல்வார்கள். கட்டின பெண்டாட்டியை இவ்வளவு நேரம் லென்ஸ் வழியாகப் பார்த்த ஆளைச் சாம்பசிவம் கண்டதில்லை.

“தெரியுதாப்பா?”

“தெரியுதுண்ணே. அங்க நின்னாலும் தெரியுது.”

அவள் நனைந்து திரும்பி வந்தாள். குழந்தையின் தலைமேல் கையை வைத்தாள். கையை எடுக்க மனமில்லாமல் எடுத்தாள். சாம்பசிவம் லென்ஸைப் பஞ்சு சுற்றிப் பெட்டியில் போட்டு, உப்புக் காற்று படாமல் துடைக்கத் துணியும் வைத்துக் கொடுத்தார்.

“போறேண்ணே,” என்றாள் நவமணி.

“அட, கிளம்பறப்ப ‘போறேன்’னு சொல்லலாமா தங்கச்சி? ‘போயிட்டு வர்றேன்’னு வாய் நிறையச் சொல்லும்மா.”

“போயிட்டு...” என்று ஆரம்பித்தவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு மழைக்குள் இறங்கிவிட்டாள்.

“என்னப்பா இது? ரெண்டு பேருக்கும் அப்படி என்னதான் சண்டை?”

காளியண்ணன் சாரோங் முடிச்சை இறுக்கிக்கொண்டான்.

“சண்டை இல்லண்ணே. அவ இங்க தங்கறதுக்கான பாஸ் முடிஞ்சிருச்சு, இனிமே நீட்டிக்க மாட்டாங்களாம். புள்ள இங்க பொறந்தவ. இங்கயே வளந்தாத்தான் அவளுக்காவது இந்த நாட்டுக் குடியுரிமை, ஐசி எல்லாம் கெடைக்கும்னு விட்டுட்டுப் போறா. கப்பல் ஏறப்போறது அவ மட்டுந்தாண்ணே; நானும் புள்ளையும் கரையில நின்னு, முகம் தெரியற வரைக்கும் எடுக்கப்போறோம்.”