பாதியில் திறக்கும் மூடி

வாஷிங் மெஷினுக்குள் தன் கைக்குட்டையைப் போட்டுவிட்டு, "எங்க, எடு பாக்கலாம்" என்றார் என் கணவர்.

எட்டிப் பார்த்தேன். என் விரலுக்கும் கைக்குட்டைக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. இன்னும் குனிந்தேன். இரண்டு குதிகாலும் செருப்பைவிட்டுக் கிளம்பிவிட்டன.

"இது வேணாம். உள்ள விழுந்தா உன்னையும் சேத்துத் துவைச்சுடும்" என்றபடி அடுத்த மெஷினுக்கு நகர்ந்தார்.

எங்கள் கூடவே வந்துகொண்டிருந்த கடைப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. வந்து தொலைத்ததே என்று எரிச்சலாகவும் இருந்தது.

இந்த முறை நான்தான் தேர்ந்தெடுப்பேன், நீங்கள் வாயே திறக்கக் கூடாது என்று கடை வாசலிலேயே சொல்லித்தான் உள்ளே அழைத்து வந்தேன். 'கூட வரட்டுமா?' என்று போனில் கேட்டது அவர்தான். இந்த மனிதர் கேட்டுக்கூடச் செய்வாரா என்ற ஆச்சரியத்தில் சரி என்று சொல்லிவிட்டேன்.

கேட்கிற வழக்கமே அவருக்குக் கிடையாது. சோபா கேட்காமல் வந்தது. சுவருக்குப் பச்சை நிறம் கேட்காமல் வந்தது. வேலை மாற்றல்கூட, வாங்கிக்கொண்டு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். அப்படித்தான் ஒருநாள், முன்பக்கம் கதவு வைத்த மெஷினும் வந்து இறங்கியது. வட்டக் கண்ணாடி, உள்ளே விளக்கு. அக்கம்பக்கத்தையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

அந்தக் கதவு பூட்டிக்கொண்டால், துவைத்து முடிக்கிறவரை திறக்காது. எனக்கோ மறதி ஜாஸ்தி. மெஷினை ஓடவிட்டுத் திரும்பினால் கட்டிலுக்கடியில் ஒரு சாக்ஸ் கிடக்கும். அதைக் கையில் பிடித்துக்கொண்டு, மற்றதெல்லாம் உள்ளே சுற்றுவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

மேலே மூடி வைத்தது வாங்கியிருந்தால் பாதியில் திறந்து போட்டிருக்கலாமே என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "எப்படி இருக்கு?" என்று கேட்டபோது, "நல்லாத்தான் இருக்கு" என்றேன். சோபாவுக்கும் அதையேதான் சொன்னேன். ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம். உம்மென்று இருந்தே காலத்தை ஓட்டிவிட்டேன்.

இன்றைக்கு என்னடாவென்றால், என் உத்தரவைக் காற்றில் பறக்கவிட்டுவிட்டு, கேள்வி மேல் கேள்வியாகக் கேட்கிறார். இந்த எழுத்து உனக்குக் கண்ணாடி போடாமல் தெரிகிறதா? மூடி கனக்கிறதா? சத்தம் பரவாயில்லையா?

கடைப் பெண்ணிடம் திரும்பி, "ஓடிக்கிட்டிருக்கும்போது பாதியில நிறுத்தி, துணி போட்டு, மறுபடி ஓட்டலாமில்ல? எங்க, செஞ்சு காட்டும்மா" என்றார்.

அவள் செய்து காட்டினாள். போதாதென்று இன்னொரு தடவையும் காட்டச் சொன்னார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாக்ஸ் கதையை நான் இவரிடம் ஒருநாளும் சொன்னதில்லையே!

அப்படியானால் பார்த்திருக்கிறார். கையில் ஒற்றைச் சாக்ஸோடு நான் நின்றதை, காலையில் விரித்துவைத்துக்கொள்ளும் பேப்பருக்குப் பின்னாலிருந்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். அதை அன்றைக்கே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்னவாம்?

அடுத்த மெஷினுக்குள் எட்டிப் பார்க்க அவர் குனிந்தார். சட்டைக் காலரில், சரியாக அலசாத சோப்பு வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மறுபடி கைக்குட்டையைப் போட்டார். இந்தத் தடவை கையை விட்டதும் சுலபமாக அகப்பட்டது.

"இதுதான்" என்றேன்.

"நிச்சயமா? உனக்குப் பிடிச்சிருக்கா?" என்றார்.

"பிடிச்சிருக்கு." மனசார அவருக்கு நான் சொன்ன பதில்களில் இது எத்தனையாவதோ. அதிகம் இருக்காது.

"சார் எவ்ளோ பொறுமையாப் பாக்குறாரு! நீங்க குடுத்து வச்சவங்கக்கா" என்றாள் கடைப் பெண். "எங்க வீட்லயும் ஒருத்தர் இருக்காரே, கடை வாசல் வரைக்கும்கூட வர மாட்டார்."

நான் பொதுவாகச் சிரித்து வைத்தேன்.

"வீட்ல பழைய மெஷின் இருக்குல்லக்கா? எக்ஸ்சேஞ்ச்ல குடுத்துடுங்க. இதைக் கொண்டு வர்ற வண்டியிலயே அதை ஏத்திக்குவாங்க."

அவர் கைக்குட்டையை மடிக்க ஆரம்பித்தார்.

"அது சார் வீட்ல இருக்கும்மா. இது வேற வீட்டுக்கு" என்றேன்.

நான் தனியாக வந்து இரண்டு மாதம் ஆகிறது. அடுத்த தெருவில் ஒரு மாடி வீடு. நானே தேடிப் பிடித்தது.

கடைப் பெண்ணின் முகம் விழுந்துவிட்டது. அவள் பாவம், என்ன செய்வாள். பில் போட்டுக்கொண்டு வருகிறேன் என்று போய்விட்டாள்.

மூடி திறந்த மெஷினுக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நானும் நின்றோம். மடித்த கைக்குட்டையைப் பிரித்து மறுபடி மடித்தார்.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றார்.

திரும்பி வந்துவிடு என்று கேட்கப்போகிறார். கேட்டால் முடியாது என்று சொல்லத் தயாராகத்தான் இரண்டு மாதமாக இருந்தேன். இப்போது பார்த்து அந்த வார்த்தையைக் காணோம்.

"கேளுங்க."

"நம்ம வீட்டு மெஷின்ல சோப்புத்தூளை எந்தப் பெட்டியில போடணும்?"



"இடது பக்கம்" என்றேன். "கதவைச் சாத்துறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் போட்டாச்சான்னு பாத்துக்கோங்க. அப்புறம் திறக்காது."

"தெரியும்" என்றார்.