வீணைக் குடமும் கிதார்க் கழுத்தும்

ஆசாரி ஒருத்தர் வீணைக் குடத்தோடு கிதார்க் கழுத்தைச் சேர்த்து, ஒரு தந்தியை முறுக்கிக் கட்டினாராம். "சாப்பிட்டு வந்து தட்டிப் பார்ப்பேன். பேசலைன்னா பிரிச்சுப் போட்டு, குடத்துல ரோஜாச் செடி வச்சிடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

குடம் மூலையில் இருந்த ரோஜாச் செடியை ஓரக்கண்ணால் பார்த்தது. பலாமரத்தில் பிறந்துவிட்டுப் பூத்தொட்டியாகவா போவது?

தந்தி கட்டினதிலிருந்து அதுவும் கழுத்தும் ஆளுக்கொரு பக்கம் இழுத்து ஏசிக்கொண்டுதான் இருந்தன. இப்போது குடமே இறங்கி வந்தது. "மாப்பிள்ளை, நமக்குள்ள எதுக்கு வம்பு? நீங்க இழுத்த பக்கமே நான் வரேன்."

"நல்லாச் சொன்னீங்க அத்தை. நானும் விட்டுக்கொடுத்துடறேன்" என்றது கழுத்து.

இரண்டும் வளைந்து கொடுத்ததில், தந்தி துணி காயப்போட்ட கொடி மாதிரித் தொய்ந்துவிட்டது. ஆசாரி ஏப்பம் விட்டபடியே வந்து தட்டினார். தொப்பென்றது. அவர் கண் ரோஜாச் செடிப் பக்கம் போயிற்று.

"அத்தை, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், பழையபடி ஏசுங்க" என்று தந்தி கிசுகிசுத்தது.

குடம் மூச்சை இழுத்தது. "ஏன்டா ஒட்டடைக் குச்சி, உனக்கு நான் வளையணுமா?"

"போம்மா பூசணிக்காய்" என்று கழுத்து விறைத்தது.

ஆசாரி மறுபடி தட்டினார். கணீரென்று எழுந்த நாதத்துக்கு, தெருவில் போன பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டார். குடம் அதற்குள் அடுத்த வசவை யோசித்துக்கொண்டிருந்தது.