சாவி போட்டால் ஓடும் மோட்டார்

சாவி போட்டால் ஓடும் மோட்டார்தான் வேண்டும் என்று ஒக்தாவ் சொன்னதும் எனக்குச் சந்தேகம் தட்டியது.

முப்பது வருஷமாகக் கயிறு இழுத்தே படகு மோட்டாரைக் கிளப்பியவன் என் புருஷன். சாவி மோட்டார் வாங்கியவர்களை ஊர் முழுக்கக் கேலி பேசித் திரிந்தவன்.

"தோள்பட்டை வலிக்குது," என்றான், படகுக் கடை நோர்பேரிடம்.

காலையில் அதே தோளைச் சொல்லித்தான் வண்டியையும் என்னை ஓட்ட வைத்தான். நேற்றுச் சாயங்காலம் நண்டுக் கூண்டுகளை அந்தத் தோளில்தான் சுமந்து வந்தான். பொய் சொல்லவும் ஒரு சாமர்த்தியம் வேண்டும்.

அடுத்தது படகு. ஓர் ஆள், ஒரு துப்பாக்கி, ஒரு நாய், அதற்குமேல் கொள்ளாத ஒடிசலான படகில்தான் இத்தனை காலம் வாத்து வேட்டைக்கும் மீன் பிடிக்கவும் போனான். இன்று ஒரு அகலமான அலுமினியத் தட்டைப் படகின் பக்கத்தில் நின்று, மாடு வாங்குகிறவன் போலத் தடவித் தடவிப் பார்த்தான்.

"அரையடித் தண்ணி போதும்ணே. சேத்து மோட்டார் மாட்டினா தண்ணியே வேணாம், வெறும் சேத்துலயே போவும்," என்றான் நோர்பேர்.

"அது எனக்குத் தெரியாதாடா? ரெண்டு பேர் உக்காந்தா ஆடுமா, அதச் சொல்லு."

ரெண்டு பேர்.

முன்பக்கம் முதுகு சாய்கிற மாதிரி ஒரு நாற்காலி போடச் சொன்னான். வேட்டைக்குப் போகிறவனுக்குச் சாய்மானம் எதற்கு?

மோட்டாரின் கைப்பிடியைக் கொஞ்சம் குட்டையாக்க முடியுமா என்றும் கேட்டான். யார் ஓட்டப்போகிறார்கள் என்று நோர்பேர் கேட்டதற்கு, வானத்தைப் பார்த்து, மழை வருமா என்றான்.

எர்லீன் ஐந்தடிகூட இருக்கமாட்டாள்.

தூண்டிலுக்கு இரை விற்கிற விதவை அவள். போன மாதம் அவள் வண்டியில் இவன் பட்டணம் போனதை என் தங்கை பார்த்திருக்கிறாள். கேட்டதற்கு நண்டு விலை விசாரிக்கப் போனேன் என்றான். நண்டு விலையை ஃபோனிலேயே சொல்வார்களே.

எங்கள் லூசியானா சதுப்பில், வேட்டைக்குப் போகிற புருஷன் எங்கே போகிறான் என்று பெண்டாட்டி கேட்க முடியாது. வாத்து இறங்கும் குளத்தை எவனும் வாய் திறந்து சொல்லமாட்டான். அப்பன் மகனிடம் சொல்லமாட்டான். பாதிரியாரிடம் பாவத்தை எல்லாம் கொட்டுவார்கள், குளத்தைச் சொல்லமாட்டார்கள். பின்னால் யாராவது படகில் வந்தால், ஒக்தாவ் அவர்களைப் புல்லுக்குள் சுற்ற விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவான்.

கள்ள உறவு வைத்துக்கொள்ள நினைக்கிறவனுக்கு இதைவிட வசதியான ஊர் கிடையாது.

அதைக்கூட நான் தாங்கிக்கொள்வேன். ஆனால் அந்தக் குளத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போகப்போகிறானே. நான் கேட்டபோதெல்லாம் "வாத்து இருக்கற எடத்துல" என்று சொல்லிச் சிரித்தவன். என்னையே கூட வரச்சொல்லி, என் கண் முன்னாலேயே அவளுக்கு நாற்காலி தேர்ந்தெடுக்கிற நெஞ்சழுத்தம் எங்கிருந்து வந்தது?

"இந்த நாற்காலி யாருக்குய்யா?" என்று கேட்டேவிட்டேன்.

"ஓட்டிப் பாப்போம். ஏறு," என்றான்.

நோர்பேர் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து முன்பக்கம் மாட்டினான். நான் அதை நோக்கி நடந்தேன். ஒக்தாவ் என்னைத் தாண்டிப் போய், தானே அதில் உட்கார்ந்துகொண்டான்.

"ஓடில், நீ பின்னாடி போ. மோட்டார் உன்னோடது."

நோர்பேர் படகின் கயிற்றை அவிழ்த்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கடைக்குள் போய்விட்டான்.

சாவியைத் திருகினேன். கைப்பிடி கொஞ்சம் நீளம்தான், என் கைக்கு.

வாய்க்கால் முடிந்து புல்வெளி தொடங்கியது. தண்ணீர் முழங்காலுக்கும் கீழே இறங்கிவிட்டது. படகுக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. பயத்தில் நான்தான் மோட்டாரைத் தணித்தேன்.

அந்த நேரம் பார்த்துப் புல்லுக்குள்ளிருந்து ஒரு வாத்துக் கூட்டம் எழும்பி, எங்கள் தலைக்கு மேலேயே போனது. கையை நீட்டினால் தொட்டிருக்கலாம்.

வானத்தில் ஒரு புள்ளியைப் பார்த்தே வாத்தின் ஜாதியைச் சொல்கிறவன் ஒக்தாவ். அதில் அவனிடம் பந்தயம் கட்டி ஜெயித்தவர்கள் யாருமில்லை.

சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினான். அதற்குள் அவை அடுத்த பக்கம் போய்விட்டிருந்தன. அவன் இன்னும் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது என்ன வாத்து?" என்று என்னைக் கேட்டான்.

எர்லீன் அவனை எந்த டாக்டரிடம் கூட்டிப்போனாள் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

"நீலச்சிறகு," என்றேன். சுட்டு எடுத்து வருவது அவன் என்றாலும், சிறகு பறித்துக் குழம்பு வைத்தது நான்தானே. எனக்கும் தெரியும்.

"அப்ப சரி. அதுங்க போற பக்கமே விடு. சாஞ்ச சைப்ரஸ் மரம் ஒண்ணு வரும், அங்க எடது பக்கம் திரும்பணும். நல்லாப் பாத்து வெச்சுக்க. யாருகிட்டயும் சொல்லக் கூடாது."

அந்த வழியைத் தெரிந்துகொள்ள நான் எத்தனை வருஷம் ஆசைப்பட்டேன் என்பது கடவுளுக்குத் தெரியும். இப்போது எனக்கு அது வேண்டாம்.

எர்லீனையே கூட்டிக்கொண்டு போயிருக்கலாம் இந்த மனுஷன்.