பிடிக்க ஆள்

"ஆன் யுவர் மார்க்ஸ்."

குனிந்தாள். விரல்களைக் கோட்டுக்குப் பின்னால் ஊன்றினாள்.

தேசிய சாம்பியன் என்று சற்றுமுன் ஒலிபெருக்கி அவள் பெயரைத்தான் முதலில் சொன்னது. இன்று முதலாவதாக வருபவளுக்கு மட்டும் ஆசியப் போட்டியில் இடம். அதற்கடுத்த ஆசியப் போட்டிவரை தன் முழங்கால் தாங்காது என்று அவளுக்குத் தெரியும்.

பக்கத்துப் பாதையில் செவ்வந்தி. ராமநாதபுரத்துப் பெண். பயிற்சியாளர் இல்லாமல் தனியே வந்தவள். அரையிறுதியில் கிளம்பும்போதே தடுமாறி, அப்படியும் இறுதிக்கான கடைசி இடத்தைப் பிடித்து உள்ளே வந்துவிட்டாள். ஸ்டார்ட் வராத பிள்ளை என்றார்கள்.

அந்தப் பிள்ளை, உதைத்துக் கிளம்புவதற்கான பிளாக்கில் காலை வைத்துவிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தது.

யாரையோ தேடுவதுபோல.

அவளுக்கு அது புரிந்தது.

மண் மைதானத்தில் ஓடியவர்களுக்குத்தான் அந்தப் பார்வை தெரியும். மண்ணில் பிளாக் நிற்காது. முந்தின ஓட்டத்தில் தோற்றவள் ஒருத்தி வந்து பின்னால் தரையில் உட்காருவாள். இரண்டு கால்களாலும் பிளாக்கை அழுத்திப் பிடித்துக்கொள்வாள். யாரும் கூப்பிட வேண்டியதில்லை.

இங்கே ரப்பர் தளம். பிளாக்கின் ஆணிகள் இறங்கும்படி மிதித்தால் போதும். செவ்வந்தியின் பிளாக் சும்மா மேலே உட்கார்ந்திருந்தது.

வழுக்கும். மறுபடியும் வழுக்கும்.

வழுக்காவிட்டால்?

அரையிறுதியில் செவ்வந்தி ஓடிய கடைசி ஐம்பது மீட்டர் கண்ணில் ஓடியது. அந்த வேகம் இப்போது தன்னிடம் இல்லை.

காலையில் முருகனிடம் கேட்டது நினைவுக்கு வந்தது. இது ஒன்று மட்டும், அப்பனே.

ஸ்டார்ட்டர் மூச்சை இழுப்பது ஒலிபெருக்கியில் கேட்டது.

ஓட்டத்தை நிறுத்தச் சொல்லி அவள் கையைத் தூக்கினாள்.

எல்லோரும் எழுந்தார்கள். முணுமுணுத்தார்கள். அதிகாரி விறுவிறுவென்று வந்து, காரணமில்லாமல் நிறுத்தியதற்காக மஞ்சள் அட்டையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். இன்னொன்று வந்தால் வெளியே போக வேண்டியதுதான். தலையசைத்துவிட்டுப் பக்கத்துப் பாதைக்குப் போனாள்.

"பிடிக்க ஆளு யாரும் வரலையேக்கா."

"இங்க வரமாட்டாங்கடி. தள்ளு."

குதிகாலால் ஓங்கி மிதித்தாள். இன்னொரு மிதி. அசைத்துப் பார்த்தாள். அசையவில்லை.

தன் இடத்துக்கு வந்து குனிந்தாள். இந்த முறை முருகனிடம் எதுவும் கேட்கவில்லை.

"செட்."

துப்பாக்கி வெடித்தது.

பக்கத்தில் பிளாக் வழுக்குகிறதா என்று அவளுடைய ஒரு காது கேட்டுக்கொண்டிருந்தது.

வழுக்கவில்லை.

அப்புறம்தான் அவள் கிளம்பினாள்.