விறைப்பு வளைந்தது

"தப்புதாங்க ஐயா. மன்னிச்சிடுங்க."

கையைக் கட்டித் தலை குனிந்து நின்றவரைப் பார்த்து, நர்ஸ் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அந்த முதியோர் இல்லத்தில் அவருக்கு 'விறைப்பு' என்று பெயர். வேலை வார்டு பாய். வயதுதான் அறுபதை நெருங்குகிறது. டாக்டரே வந்தாலும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். பாத்திரத்தைப் போட்டு உடைத்தாலும் வாயில் 'சாரி' வராது.

அவர்தான் கட்டிலில் இருந்த கிழவர் முன்னால் குனிந்து நின்றார். கிழவர் ஒரு பெரிய மில்லில் மேனேஜராக இருந்தவர். பக்கத்தில் அவருடைய மகள், சூப் கிண்ணத்தோடு.

"இன்னொரு தடவை சொல்லு," என்றார் கிழவர்.

"மன்னிச்சிடுங்க ஐயா."

"ம். உள்ளே போய் வேலையைப் பாரு."

சொல்லிவிட்டு வாயைத் திறந்தார். மகள் அவசரமாக ஸ்பூனை நீட்டினாள்.

மறதி நோய் முற்றிய மனிதர். சில நாட்களாகச் சாப்பாட்டைத் தொடவில்லை. இன்றும் மறுத்தால் மூக்கில் குழாய் என்று டாக்டர் சொல்லிவிட்டார். போன தடவை குழாயைப் பிடுங்கியதால் கையைக் கட்டிப் போட்டிருந்தார்கள்.

'அவரவர் விருப்பப்படி கவனிப்பு' என்று வாசலில் போர்டு வைத்த இல்லம். கூட்டம் போட்டார்கள். அவருக்கு என்ன பிடிக்கும் என்று மகளைக் கேட்டுப் பாட்டுப் போட்டார்கள். ஜன்னலோரக் கட்டில் தந்தார்கள். கிழவர் சொன்னது ஒன்றுதான்: "அவன் வந்து மன்னிப்புக் கேட்கட்டும். அப்புறம் சாப்பிடறேன்."

யார் அவன் என்று ஒருவரும் விசாரிக்கவில்லை.

கிண்ணம் காலியானது. அதைக் கழுவ எடுத்துப் போன விறைப்பின் பின்னாலேயே நர்ஸ் போனாள்.

"நல்லா இருக்குண்ணே. விறைப்பெல்லாம் எங்ககிட்டதானா? பெரிய இடம்னா தானா வளையுதே."

"சாப்பிட்டாரில்ல?"

"நீங்க என்ன தப்பு பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலை."

"அப்புறம் எதுக்குக் குனியணும்? போகும்போது அந்தம்மா ஏதாவது கவனிப்பாங்கன்னா?"

"கவனிச்சா உனக்குப் பாதி."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "அவர் யாரைத்தான் கேட்கிறார்?"

விறைப்பு குழாயைத் திறந்தார்.

"மில்லுல ஸ்ட்ரைக் நடந்துச்சு. மன்னிப்புக் கேட்டவங்களுக்குத்தான் இவர் கதவைத் திறந்தார். ஒவ்வொருத்தராக் கேட்டு உள்ளே போயிட்டாங்க. ஒருத்தன் மட்டும் கேட்கலை. வீட்டில பிள்ளைங்க வெறும் வயித்தோட படுத்தப்பகூடக் கேட்கலை. வேலை போயிடுச்சு."

"அவன் மனுஷன்," என்றாள் நர்ஸ். "அவனுக்குப் பதிலா நீங்க போய்க் கையைக் கட்டி நிக்கிறீங்க. கேள்விப்பட்டான்னா காறித் துப்புவான்."

"பதிலுக்கு ஆள் போனா ஆகாதும்மா. நேத்து நீ லீவு. சமையல்காரரை விட்டுக் கேட்க வெச்சாங்க. முகத்தை உத்துப் பாத்தார். 'நீ இல்லை'ன்னு சுவத்துப் பக்கம் திரும்பிட்டார்."

"அப்போ உங்களை மட்டும் எப்படி..."

நர்ஸ் பாதியில் நிறுத்தினாள்.

விறைப்பு கிண்ணத்தைத் துடைத்துக் கவிழ்த்தார். "நானும் தள்ளித் தள்ளிப் போட்டேன். மறுபடி கையைக் கட்டுவாங்கன்னு தெரிஞ்சதும் மனசு கேட்கலை. மத்தியானத்துக்குள்ள இதையும் மறந்துடுவார். திரும்பப் போய் நிக்கணும்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஆனா ஒண்ணு. மில்லு கதவைத் திறக்கணும்னா இன்னைக்கும் கேட்க மாட்டேன். அவர் வாயைத் திறக்கத்தான் கேட்கிறேன்."