எட்டு மணி நேரத் தூக்கம்

அன்புச்செல்வி புருஷனின் செல்போனை மல்லாட்டைப் பைக்குள் கடலையோடு கடலையாகப் புதைத்து, பையின் வாயை இறுக்கிக் கட்டினாள். உள்ளே அது உறுமிக்கொண்டே இருந்தது. தென்னரசு அசையவில்லை. அவன் பாயில் விழுந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

அவன் ஆக்டிங் டிரைவர். டிராவல்ஸ்காரர் கூப்பிட்டால் யார் காராக இருந்தாலும் போய் ஓட்டியாக வேண்டும். இரண்டு ராத்திரி தூங்காமல் ஓட்டிவிட்டு, விடிந்த பிறகுதான் கிளியனூர் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தான்.

போன மாதம் திண்டிவனம் பைபாஸில் கண் அசந்து காரைத் தடுப்புச் சுவரில் ஏற்றியவன். பிழைத்தது அவள் தாலி பாக்கியம் என்று ஊரே சொன்னது. தாலிக்கு எத்தனை தடவைதான் பாக்கியம் இருக்கும்?

பக்கத்து வீட்டில் வாங்கி வந்த வாரப் பத்திரிகையைப் பிரித்தாள். மேடைக் காமெடியன் 'கிச்சுகிச்சு' பூவரசனின் வாழ்க்கைக் கதை. டீக்கடையில் எச்சில் கிளாஸ் கழுவியது, பசியோடு மேடையேறிச் சிரிக்க வைத்தது எல்லாவற்றையும் படிக்கப் படிக்க அவளுக்குக் கண் கலங்கியது.

'தூக்கம்தாங்க எனக்குச் சாமி. எட்டு மணி நேரத்துல ஒரு நிமிஷம் குறைய விடமாட்டேன். ஒரு ஊர்ல ஷோ முடிச்சா, கண் முழிக்கிறது அடுத்த ஊர்லதான். தூக்கத்தைத் திருடுறவன் உயிரைத் திருடுறவன்!'

கடைசி வரியை மறுபடியும் படித்தாள். பெரிய மனுஷனே சொல்லிவிட்டான், இனி யாருக்குப் பயப்பட வேண்டும்? பையை அவிழ்த்து, இன்னும் உறுமிக்கொண்டிருந்த போனை எடுத்துப் பேசினாள்.

"எங்கம்மா அவன்?" என்று கத்தினார் டிராவல்ஸ் அப்பாதுரை. "ஜல்தி வரச் சொல்லு. விழுப்புரத்துல பார்ட்டி காத்துக்கினு இருக்கு. பொழுது சாயறதுக்குள்ள திருநெல்வேலில வுடணும்."

"அவரு வரமாட்டாருங்கண்ணா. தூங்கிக்கினு இருக்காரு."

"பேஜாரு பண்ணாதம்மா. பெரிய எடம். இந்த ஒரு தபா மட்டும்..."

"போன மாசமும் இதத்தான் சொன்னீங்க. ரெண்டு பொட்டப் புள்ளைங்கள வச்சிக்கினு நான் எங்கண்ணா போவேன்?" பத்திரிகையைக் கையில் எடுத்தாள். "தூக்கத்தத் திருடுறவன் உயிரத் திருடுறவன்னு காமெடி பண்ற பூவரசனே சொல்லியிருக்காரு. புக்குல போட்டிருக்கு. அத உங்க பார்ட்டிகிட்ட படிச்சிக் காட்டுங்க!"

அவள் குரலில் விழித்துவிட்ட தென்னரசு, சிவந்த கண்களோடு சட்டையைத் தேடிக்கொண்டிருந்தான்.

"பார்ட்டியே அந்தப் பூவரசன்தாம்மா," என்றார் அப்பாதுரை. "பின் சீட்டுல படுத்துத் தூங்கிக்கினே போவணுமாம்."